வால்முடியா, உடல்முடியா?

டிரவுட் மீன் பிடிப்பவர்கள் பயன்படுத்தும் செயற்கை ஈக்களில் ‘இர்ரெசிஸ்டபிள்’ என்று ஒன்று உண்டு. மான்முடியைத் தூண்டில் முள்ளைச் சுற்றிக் கட்டி, கத்தரியால் செதுக்கிக் குண்டாக்கிய உடல். நுரைத்து ஓடும் ஆற்றிலும் மூழ்காது. 1930களில் புழக்கத்துக்கு வந்த இந்த ஈயை முதலில் கட்டியது யார் என்று கேட்டால் இரண்டு ஊர்கள் கைதூக்குகின்றன. மேற்கு வர்ஜீனியாவின் மார்கன்டவுனில் ஜோ மெஸ்ஸிங்கர் என்கிறது ஒரு தரப்பு. நியூயார்க் மாநிலத்துக் கேட்ஸ்கில் மலைப்பகுதியில் ஹாரி டார்பி என்கிறது இன்னொன்று. இரண்டு தரப்பிலும் நம்பத்தக்க ஆட்கள் இருக்கிறார்கள். முத்திரை குத்திய காகிதம்தான் எவரிடமும் இல்லை.

ஏன் இல்லை என்ற கேள்விதான் என்னைப் பழைய நூல்களுக்குள் இழுத்தது. 1892இல் மேரி ஆர்விஸ் மார்பரி வெளியிட்ட பெரிய தொகுப்பைப் புரட்டினால் ஓரளவு விளங்கும். அமெரிக்கா முழுவதும் உள்ள தூண்டில்காரர்களின் கடிதங்களைத் திரட்டி, வண்ணப் படங்களோடு அச்சிட்ட நூல் அது. அதில் இறகின் ஆட்சிதான். இறகு விலைகொடுத்து வாங்கும் பொருள், கப்பலில் வந்தது. சால்மன் ஈக்களின் பக்கவாட்டில் கண்போல மினுங்கும் புள்ளி இறகு நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் திரியும் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்திலிருந்து போனது. அதற்குப் பட்டியல் உண்டு, விலை உண்டு, பின்னாளில் இந்தியா விதித்த ஏற்றுமதித் தடையும் உண்டு. மான்முடிக்கு இவை எதுவும் தேவைப்படவில்லை. இலையுதிர் காலத்தில் வீட்டுக்காரர் வேட்டையாடிய மானின் தோல் கொட்டகையில் தொங்கியது. வேண்டியவர் ஒரு பிடி வெட்டிக்கொண்டார். ரசீது இல்லாத பொருளுக்கு ஆவணக் காப்பகத்தில் இடம் கிடைப்பது கடினம்.

அதனால் காகிதத்தை விட்டுவிட்டு முடியையே சாட்சிக் கூண்டில் ஏற்றினேன். வெண்வால் மானின் குளிர்கால உடல்முடியை நுண்ணோக்கியில் பார்த்தால் உள்ளே காற்றறைகள் நிறைந்திருக்கும். ஏறக்குறைய நம்மூர் நெட்டிதான். நூலால் இறுக்கினால் அந்த அறைகள் நசுங்கி, முடி இருபக்கமும் செங்குத்தாக விரிந்து நிற்கும். நூலை இழுத்தபடியே பிடியைத் தளர்த்தினால் முள்ளைச் சுற்றிச் சுழன்று பரவும். இதைத்தான் சுழற்றிக் கட்டுவது என்கிறார்கள். கோடைமுடி மெலிதாக, செம்பழுப்பாக இருக்கும், அவ்வளவாக விரியாது. வால்முடியோ நீளமானது; அதன் பெரும்பகுதியில் காற்றறைகள் குறைவு. இறுக்கினாலும் அது பெரும்பாலும் படிந்தே கிடக்கும். இந்த வேறுபாட்டைக் கையில் வைத்துக்கொண்டு பழைய விவரணைகளைப் படித்தால் பல உரிமைக்கோரல்கள் தாமாகவே தரம் பிரிகின்றன.

மிகப் பழைய சாட்சியாக எல்லோரும் காட்டுவது வில்லியம் பார்ட்ரமை. பிலடெல்பியாவைச் சேர்ந்த இந்தத் தாவரவியலாளர் 1773 முதல் 1777 வரை தென்கிழக்கு அமெரிக்காவில் அலைந்து, 1791இல் பயணநூல் வெளியிட்டார். அதில் ஒரு மீன்பிடி முறை வருகிறது. சிறு படகில் இருவர்; ஒருவர் பின்னால் துடுப்புப் போட, மற்றவர் பத்துப் பன்னிரண்டு அடிக் கோலோடு முன்னால். கோலில் கட்டிய கயிறு இருபது அங்குலம்தான். நுனியில் முதுகோடு முதுகு சேர்த்த மூன்று பெரிய முட்கள். அவற்றை மூடி வெள்ளை மான்முடி, சிவப்புத் துணிக்கிழிசல், பல நிற இறகுகள். கைமுட்டியளவு குஞ்சம். பிற்கால நூல்கள் இதைச் செமினோல் மக்களின் முறை என்று எழுதி, மான்முடி டிரவுட் ஈயின் பிறப்புச் சான்றிதழாக்கிவிட்டன.

சான்றிதழில் இரண்டு ஓட்டைகள் உண்டு. பார்ட்ரம் ‘டிரவுட்’ என்று எழுதியது உண்மைதான். ஆனால் தெற்கில் பெரிய வாய் பாஸ் மீனை அப்படித்தான் அழைத்தார்கள். நீலகிரியில் அவலாஞ்சி ஓடைகளில் ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்டார்களே, அந்தக் குளிர்நீர் மீன் ஃபுளோரிடாவின் வெதுவெதுப்பான நீரில் எங்கே இருக்கும்? இரண்டாவது ஓட்டைதான் எனக்கு முக்கியம். அவர் தெளிவாக மானின் வாலிலுள்ள வெள்ளை முடி என்று குறிப்பிடுகிறார். வால்முடி சுழலாது. ஆகவே அந்தக் குஞ்சம் கட்டப்பட்டது, சுழற்றப்பட்டதல்ல. தென்பகுதி மான்களின் உடல்முடி குட்டையாகவும் மெலிதாகவும் இருப்பதால் அங்கே வாலை நாடினார்கள் என்பது என் ஊகம். எப்படியானாலும், பார்ட்ரம் காட்டுவது வேறொரு பரம்பரையின் பாட்டனை; பின்னால் வந்த வால்முடித் தூண்டில்கள் அந்தக் கிளை.

அடுத்த தடயம் வடக்கே, அடிரண்டாக் மலைகளில். ஓல்ட் ஃபோர்ஜ் என்ற சிற்றூரில் ஓர்லி டட்டில் 1920களின் தொடக்கத்தில் ‘டெவில் பக்’ என்ற பொருளை விற்றுக்கொண்டிருந்தார். ஏரியில் பாஸ் மீன்கள் வண்டுகளைக் கவ்வுவதைப் பார்த்துச் செய்தாராம். பிசாசு மாதிரி இருக்கிறது என்று மனைவி சொன்னதே பெயரானது என்பார்கள். உண்மையோ இல்லையோ, வியாபாரத்துக்கு நல்ல கதை. இங்கே இருப்பது உடல்முடி. ஆனால் சுழற்றவில்லை, முடிக்கற்றையை முள்ளின் நீளவாக்கில் கிடத்தி, இரு முனையிலும் கட்டி, கூன்முதுகாக நிறுத்தியிருக்கிறார். கற்றையை மடித்து முதுகாக்கும் இதே வேலையைப் பின்னாளில் சான் பிரான்சிஸ்கோவின் ஜாக் ஹார்னர் பெயரால் அறியப்பட்ட ஈயிலும், மேற்கு மலை மாநிலங்களின் ‘ஹம்பி’யிலும், பிரிட்டிஷ் கொலம்பியாவில் எல்லோரும் பெட்டியில் வைத்திருக்கும் ‘டாம் தம்ப்’பிலும் காணலாம். ஒன்றைப் பார்த்து ஒன்று வந்ததென்று நான் சொல்ல மாட்டேன். மடித்தால் கூன் விழும் முடியை எவர் கையில் கொடுத்தாலும் கூன் விழும்.

இதே அடிரண்டாக்கில் வில்மிங்டன் ஊர் ஃபிரான் பெட்டர்ஸ் 1949இல் கட்டிய ‘ஹேஸ்டாக்’ ஈயில் முடி இறக்கையாக விரிந்து நிற்கிறது. அசேபிள் ஆற்றின் முரட்டு நீருக்காகச் செய்தது. அதை மெருகேற்றியதே 1970களில் அல் காவுச்சியும் பாப் நஸ்டாசியும் பரப்பிய ‘காம்பராடன்’. அந்தக் கிளைக்குள் நுழைந்தால் கட்டுரை முடியாது.

இர்ரெசிஸ்டபிளுக்கு வருவோம். மெஸ்ஸிங்கர் ஏற்கெனவே 1920களில் மான்முடியால் தவளை கட்டியவர். முதுகுக்கு ஒரு நிறம், வயிற்றுக்கு வேறு நிறம் என்று முடியை அடுக்கி இறுக்கி, முழங்கால் மடிந்த கால்களும் வைத்தார். அப்படிப்பட்ட கைக்கு டிரவுட் ஈ என்பது அளவைச் சுருக்கும் வேலை மட்டுமே. டார்பி பக்கம் வேறு வகைச் சான்று. அவரும் மனைவி எல்சியும் ராஸ்கோவில் ஈ கட்டியே பிழைத்தவர்கள். அவருடைய மான்முடி ஈயில் நண்பர் பெர்சி ஜென்னிங்ஸ் இறக்கையை மாற்ற, ‘ரேட்-ஃபேஸ்டு மெக்டூகல்’ என்ற விசித்திரப் பெயரோடு ஒரு தம்பி ஈ பிறந்தது. வற்புறுத்திக் கேட்டால் மெஸ்ஸிங்கர் பக்கம் சாய்வேன். பாஸ் மீனுக்கான பெரிய தூண்டிலிலிருந்து டிரவுட் ஈ சிறுத்து வந்த வழி அவரிடம் படிப்படியாகத் தெரிகிறது. டார்பி அவரைப் பார்த்துச் செய்தார் என்று சொல்ல மட்டும் ஆதாரமில்லை.

எனக்கு அதிகம் பிடித்த வழக்கு கனடாவில், ஒன்டாரியோவின் நிபிகான் ஆற்றில். அங்கே டான் கேப்பன் கட்டிய ‘மட்லர் மின்னோ’ உலகப் புகழ் பெற்றது. ஆண்டு 1936 என்று சிலர், 1937 என்று சிலர். அந்த ஆற்றுக்கு ஆண்டுக் குழப்பம் புதிதல்ல. டாக்டர் குக் பிடித்த 14 பவுண்டு 8 அவுன்ஸ் புரூக் டிரவுட், இன்றும் சாதனைப் பட்டியலில் நிற்பது, அதுவே 1915, 1916 என்று இரண்டு விதமாக அச்சாகியிருக்கிறது. ஓராண்டு முன்பின்னுக்காக நான் மெனக்கெடவில்லை. என்னை உறுத்தியது வேறு.

மட்லர் எதைப் பின்பற்றியது? உள்ளூரில் ‘காக்கடூஷ்’ என்று சொல்லும் ஸ்கல்பின் மீனை. தட்டையான அகன்ற தலை, கற்களுக்கடியில் வாசம். அதற்குக் காற்றுப்பை கிடையாது. தரையோடு தரையாகக் கிடக்கும் பிராணி. அதன் தலையைச் செய்ய மிதக்கும் மான்முடியையா எடுப்பார்கள்? இன்று கடைகளில் விற்கும் மட்லரைப் பார்த்தால் குழப்பம் கூடும். உருண்டு திரண்ட, இடைவெளியில்லாமல் அடைத்துச் செதுக்கிய தலை. தண்ணீரில் போட்டால் மிதக்கும். வெட்டுக்கிளியாக மேல்மட்டத்தில் ஓட்டுபவர்களும் உண்டு.

விடை மூல ஈயில் இருக்கிறது. கேப்பனின் கைவேலையாக அறியப்படும் மட்லர்களின் தலை கலைந்து கிடக்கும். முடி கொஞ்சம்தான், கத்தரிப்பும் கோணல். பொன்னிறச் சரிகை சுற்றிய உடல், புள்ளியிட்ட வான்கோழி இறகு, நடுவில் அணில்முடி. ஊறியதும் இது இறங்கிவிடும். அகன்ற தலை நீரைத் தள்ளிக் கலக்கும். நுனி செதுக்காத முடி பின்னோக்கிப் படர்ந்து ஸ்கல்பினின் பக்கத் துடுப்பாகும். அடைத்த தலை மொன்டானாவில் சேர்ந்தது. நியூயார்க்கில் அறிவியல் கற்பித்துவிட்டு லிவிங்ஸ்டன் ஊரில் 1938இல் கடை திறந்த டான் பெய்லிதான் மட்லரை அப்படி மாற்றிப் பரப்பியவர். மேற்கின் பெருநதிகளுக்கு அது பொருந்தியது. பெயர் கேப்பனுடையதாகவே நிலைத்தது. பெரும்பாலான பெட்டிகளில் இருப்பது பெய்லியின் தலை.

கேப்பன் கட்டியது வேண்டுமென்றால் முள்ளைப் பிடிக்கும் கவ்வியான வைஸில் முள்ளை மாட்டி, முடியைப் பாதியாகக் குறைத்து, கத்தரியைச் சற்று அலட்சியமாக ஓட்ட வேண்டும்.