குடியாட்சியில் குடிகள் எவர்?

ஜனநாயகத்தின் பிறப்பிடமென ஏதென்ஸ் நகரம் போற்றப்படுகின்றது. ஆயினும், கி.மு. 451 இல் பெரிக்கிளிஸ் கொண்டுவந்த சட்டத்தின்படி, தாய், தந்தை இருவரும் ஏதென்ஸ் பிரஜைகளாக இருந்தோரே அங்கு பிரஜைகளாகக் கொள்ளப்பட்டனர். அரசியல் கோட்பாட்டின் மூலவர்களில் ஒருவரான அரிஸ்டோட்டிலும் அந்நகரில் வாக்கற்ற அந்நியராகவே வாழ்ந்தார். மக்களாட்சியில் 'மக்கள்' எவர் என்ற கேள்வி எத்தகையது என்பதைப் புசல்லாவைத் தோட்டங்களில் வாழ்வோருக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

1947 பொதுத் தேர்தலில், அயலிலுள்ள நாவலப்பிட்டித் தொகுதியில் இலங்கை இந்தியன் காங்கிரஸின் கே. இராஜலிங்கம் வெற்றி பெற்றார். மறு ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949 இல் வாக்குரிமையும் பறிபோனது. அவ்வாண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம், இந்திய வம்சாவளி முஸ்லிம்களையும் விண்ணப்பதாரர் வரிசையில் நிறுத்தியது. 1952 தேர்தலில் காங்கிரஸுக்கு ஓர் ஆசனமேனும் கிட்டவில்லை.

வாக்கற்றவர்களின் விவகாரம் அடுத்து சர்வதேச உறவாகியது. 1964 ஒக்டோபர் 30 ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் ஒதுக்கியது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் 1974 இல் சரிபாதியாகப் பங்கிட்டன. சம்பந்தப்பட்ட மக்களின் சம்மதம் எக்கட்டத்திலும் பெறப்படவில்லை. சர்வதேச அரசியலில் அரசுகளே பேசும். மக்கள் எண்ணிக்கையாகவே இடம்பெறுவர் என்பதற்கு இதனைவிடக் கசப்பான உதாரணம் நமக்குத் தேவையில்லை.

2003 இல் நாடாளுமன்றம் ஏகமனதாக நிறைவேற்றிய சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வதிந்த இந்திய வம்சாவளியினருக்கும் இங்கு வதியும் அவர்களது வழித்தோன்றல்களுக்கும் பிரஜாவுரிமை வழங்கியது.