நாத்ரா வழக்கும் சிங்கப்பூரின் சமய நல்லிணக்கமும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

பல இனத்தவரும் பல சமயத்தவரும் கூடி வாழும் நாடுகளில் சமயப் பொறை என்பது மக்களின் இயல்பான பண்பா, அல்லது காலப்போக்கில் பாடுபட்டுக் கட்டியெழுப்பப்படும் ஒன்றா என்னும் வினா ஆய்வாளர்களிடையே நெடுநாளாக இருந்து வருகிறது. இவ்வினாவுக்கு விடை காண, 1950ஆம் ஆண்டு டிசம்பரில் சிங்கப்பூரில் மூண்ட கலவரம் நல்லதொரு களமாக அமைகிறது. மரியா ஹெர்தோக் என்றும் நாத்ரா என்றும் இரு பெயர்களால் அறியப்பட்ட சிறுமி ஒருத்தியை யார் வளர்ப்பது என்பது குறித்த குடும்ப வழக்கு, மூன்று நாள்களில் பதினெட்டு உயிர்களைப் பலிகொண்ட வன்செயலாக எவ்வாறு மாறியது என்பதையும், அதன்பின் அந்நாட்டின் நல்லிணக்க ஏற்பாடுகள் எவ்வாறு உருப்பெற்றன என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

அருகருகே வாழ்ந்த சமூகங்கள்

கலவரத்திற்கு முற்பட்ட சிங்கப்பூரில் சமயப் பகைமை மேலோங்கியிருந்தது எனக் கூறுவதற்கில்லை. சவுத் பிரிட்ஜ் சாலையில் 1827இல் தோன்றிய ஸ்ரீ மாரியம்மன் கோயிலும், சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் அதே காலப்பகுதியில் எழுப்பிய ஜாமிஆ சூலியா பள்ளிவாசலும் சில அடி தூரத்தில் இன்றும் நிற்கின்றன. தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்காவும் சீனரின் தியான் ஹொக் கெங் கோயிலும் ஒரே வரிசையில் அமைந்துள்ளன. வணிகத்தின் பொருட்டு வந்தவர்கள் தத்தம் வழிபாட்டிடங்களை அடுத்தடுத்து அமைத்துக்கொண்டு, ஒருவர் வழியில் மற்றவர் குறுக்கிடாமல் வாழ்ந்தனர்.

எனினும், இத்தகைய வாழ்வு அண்மையில் வாழ்தல் மட்டுமே. காலனித்துவ அரசு ஒவ்வோர் இனத்துக்கும் தனித்தனிக் குடியிருப்புப் பகுதியை வகுத்தது. திருமணம், வாரிசுரிமை முதலியவற்றில் ஒவ்வொரு சமயத்தவரின் வழக்காறுகளையும் ஓரளவு ஏற்றுக்கொண்டது. இருவேறு சமயங்களின் நெறிமுறைகள் ஒரே குடும்பத்துக்குள், ஒரே குழந்தையின் பொருட்டு மோதிக்கொள்ளும்போது என்ன செய்வது என்பதற்கு அவ்வேற்பாட்டில் எல்லாத் தரப்பினரும் ஒப்புக்கொள்ளத்தக்க விடை இல்லை. நாத்ரா வழக்கு அக்குறையை வெளிப்படுத்தியது.

வழக்கின் வரலாறு

மரியா 1937இல் ஜாவாவிலுள்ள சிமாஹியில் பிறந்து, கத்தோலிக்க முறைப்படி திருமுழுக்குப் பெற்றவர். தந்தை டச்சுக் காலனித்துவப் படையில் பணியாற்றியவர். 1942இல் சப்பானியர் ஜாவாவைக் கைப்பற்றியபோது போர்க் கைதியானார். அந்நெருக்கடிக் காலத்தில் சிறுமி, அமினா என்னும் முஸ்லிம் பெண்மணியிடம் ஒப்படைக்கப்பட்டார். சில நாள்களுக்கு மட்டுமே விட்டுவைத்ததாகப் பெற்ற தாய் கூறினார்; மகளாகவே தத்துக் கொடுக்கப்பட்டதாக அமினா கூறினார். இம்முரண்பாடே பின்னைய வழக்கின் வேர். அமினா சிறுமிக்கு நாத்ரா எனப் பெயரிட்டு, முஸ்லிமாக வளர்த்து, போருக்குப் பின் திரெங்கானுவிலுள்ள கெமாமானுக்கு அழைத்துச் சென்றார்.

1949இல் சிறுமி கண்டறியப்பட்டதும், டச்சுத் தூதரகம் அவரைப் பெற்றோரிடம் சேர்க்க முயன்றது. 1950 மே 19இல் சிங்கப்பூர் நீதிமன்றம் பெற்றோர் தரப்புக்குச் சார்பாக ஆணையிட்டது. அமினாவின் மேல்முறையீட்டில் அவ்வாணை சூலை 28இல் நடைமுறைக் குறைபாட்டின் அடிப்படையில் நீக்கப்பட்டது. நான்கு நாள்கள் கழித்து, ஆகஸ்டு 1இல், பதின்மூன்று வயது நிரம்பிய நாத்ராவுக்கும் மன்சூர் அடாபி என்னும் இளம் ஆசிரியருக்கும் முஸ்லிம் முறைப்படி திருமணம் நடைபெற்றது. இதனால் வளர்ப்புரிமை வழக்கு, திருமணச் செல்லுபடி குறித்த வழக்காகவும் விரிந்தது.

டிசம்பர் 2இல் வழங்கப்பட்ட தீர்ப்பு, சிறுமியின் தந்தை டச்சு நாட்டவர் என்பதால் அந்நாட்டுச் சட்டமே அவரது திருமணத் தகுதியை முடிவு செய்யும் எனக் கருதி, திருமணம் செல்லாது என அறிவித்தது. சட்ட நோக்கில் இது தருக்க முறைமை உடைய தீர்ப்பு. ஆயின், இசுலாமிய நெறிப்படி நிறைவுற்ற ஒரு திருமணத்தை வேற்று நாட்டுச் சட்டம் கொண்டு காலனித்துவ நீதிமன்றம் இல்லாமற் செய்தது என்றே முஸ்லிம்களுள் பெரும்பாலோர் அதனைப் புரிந்துகொண்டனர். ஒவ்வொரு தரப்பும் தன் சட்டமே முழுமையானது எனக் கருதிய நிலையில், மற்றத் தரப்பின் வேதனை எவர் கண்ணுக்கும் புலப்படவில்லை.

தீர்ப்பிலிருந்து தெருவுக்கு

தீர்ப்பு வந்தவுடன் கலவரம் வெடிக்கவில்லை என்பது கருதத்தக்கது. இடைப்பட்ட ஒன்பது நாள்களில் நிகழ்ந்தவையே பகைத் தீயை மூட்டின. மேல்முறையீடு நிலுவையில் இருக்கையில் சிறுமி கத்தோலிக்கக் கன்னியர் மடம் ஒன்றில் தங்கவைக்கப்பட்டார். மடத்தில் கன்னியருடனும் மரியன்னையின் உருவச்சிலை முன்பும் அவர் காணப்பட்ட ஒளிப்படங்களை நாளிதழ்கள் வெளியிட்டன. வளர்ப்புரிமை குறித்த வழக்கு, மக்கள் உள்ளத்தில், இசுலாத்துக்கும் கிறித்துவத்துக்கும் இடையிலான போட்டியாக மாறியது இப்படங்களின் வழியேதான். ஆங்கில நாளிதழ்கள் இதனை மகள் தாயிடம் திரும்பிய உருக்கமான செய்தியாக எழுதின. முஸ்லிம் இதழ்கள் இழிவுபடுத்தும் செயலாக எழுதின.

இவ்விடத்தில் தமிழர் வரலாற்றோடு தொடர்புடைய செய்தி ஒன்றைச் சுட்டுதல் தகும். நாத்ராவுக்காக அமைக்கப்பட்ட நடவடிக்கைக் குழுவுக்குத் தலைமையேற்ற கரீம் கனி தமிழ் முஸ்லிம் ஆவார். பர்மாவில் அரசியல் வாழ்வைத் தொடங்கி, நேதாஜி சுபாஷ் சந்திர போஸின் தற்காலிக அரசோடு தொடர்பு கொண்டிருந்த அவர், சிங்கப்பூர் முஸ்லிம் லீக்கின் தலைவராகவும் இதழாசிரியராகவும் விளங்கினார். இந்து, முஸ்லிம், சீக்கியர் என வேறுபாடின்றித் திரண்ட ஓர் இயக்கத்தில் பங்கேற்றவர், சில ஆண்டுகளில் சமய உணர்வின் அடிப்படையில் மக்களைத் திரட்டினார். இதனைத் தனிமனிதர் ஒருவரின் முரண்பாடாக மட்டும் காணலாகாது. காலனித்துவ எதிர்ப்பு, தனக்குக் கிடைத்த மொழியில் பேசுகிறது. வேறு வாயில்கள் அடைபட்ட இடத்தில் சமயத்தின் மொழி முன்வருகிறது.

டிசம்பர் 11இல் மேல்முறையீடு விசாரணைக்கு வந்தபோது உச்ச நீதிமன்றத்தின் முன் பெருங்கூட்டம் திரண்டது. விசாரணை மிகக் குறுகிய நேரத்தில் முடிந்ததும் கூட்டம் கட்டுக்கடங்காமற் போயிற்று. காவல் துறையின் கீழ்நிலைப் பணியாளருள் பெரும்பான்மையினர் மலாய் முஸ்லிம்களாக இருந்தமையால் அவர்களது உள்ளமும் இருபாற்பட்டிருந்தது. இராணுவம் வரத் தாமதமாயிற்று. ஐரோப்பியர், யுரேசியர் எனத் தோன்றிய எவரும் தாக்கப்பட்டனர். உயிரிழந்த 18 பேருள் 7 பேர் ஐரோப்பியர் அல்லது யுரேசியர். 2 பேர் காவலர். 9 பேர் காவல் துறையினர் அல்லது படையினரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானவர்கள். காயமுற்றோர் 173 பேர். சிறுமி டிசம்பர் 12இல் தாயுடன் நெதர்லாந்துக்கு அனுப்பப்பட்டார்.

கலவரத்தை ஆராய்ந்த லீச் ஆணையம், சிறுமியைக் கன்னியர் மடத்தில் வைத்ததையும், ஒளிப்படங்களின் விளைவையும், காவல் துறையின் தவறுகளையும் எடுத்துக்காட்டியது. தாக்கப்பட்டவர்கள் ஆளும் இனத்தின் தோற்றம் கொண்டவர்கள் என்பதனையும் இத்துடன் சேர்த்து நோக்கினால், இதனை முழுமையாகச் சமயக் கலவரம் என்பதைவிட, சமயத்தின் வழியே வெளிப்பட்ட அரசியல் கசப்பு எனலே பொருந்தும்.

நல்லிணக்கத்தின் கட்டமைப்பு

பல்சமய அமைப்பு சிங்கப்பூரில் 1949 மார்ச்சு மாதத்திலேயே தொடங்கப்பட்டுவிட்டது. கலவரம் நிகழ்ந்தபோது அதற்கு வயது இரண்டுகூட நிரம்பவில்லை. சமயத் தலைவர்கள் ஒருவரையொருவர் அறிந்திருத்தல் தேவையே. ஆனால், அவ்வறிமுகம் தெருவில் நிற்கும் மனிதனைச் சென்றடையாத நிலையில் அதன் ஆற்றல் வரையறைக்குட்பட்டது என்பதை 1950 காட்டியது. இன்று அவ்வமைப்பில் பத்துச் சமயங்கள் இடம்பெற்றுள்ளன.

சட்டத் துறையில் மாற்றம் படிப்படியாக வந்தது. 1957ஆம் ஆண்டு முஸ்லிம் சட்டத்தின் வழியே 1958இல் ஷரியா நீதிமன்றம் அமைந்தது. 1966இல் முஸ்லிம் சட்ட நிருவாகச் சட்டம் இயற்றப்பட்டது. முஸ்லிம்களின் மணம், மணவிலக்கு தொடர்பான சிக்கல்களை அவர்கள் நம்பும் மன்றமே தீர்க்கும் நிலை இவ்வாறு உருவாயிற்று. இதற்கிடையே, சிங்கப்பூர் மலேசியாவோடு இணைந்திருந்த 1964இல், நபிகள் நாயகம் பிறந்தநாள் ஊர்வலத்தின்போது சூலை 21இல் மூண்ட இனக் கலவரம் மீண்டும் ஒரு பாடமாக அமைந்தது. அந்நாளே 1997 முதல் பள்ளிகளில் இன நல்லிணக்க நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

1980களில் சிக்கல் வேறு வடிவில் தோன்றியது. சமயம் பரப்பும் முறைகள் பற்றிய முறையீடுகள் பெருகின. இந்துக் கோயில் ஒன்றின் வாயிலில் கிறித்துவக் கூட்ட அறிவிப்புச் சுவரொட்டிகள் ஒட்டப்பட்டதும், சிராங்கூன் சாலைக் கோயில்களுக்கு வரும் பக்தர்களிடம் துண்டறிக்கைகள் வழங்கப்பட்டதும் 1989ஆம் ஆண்டு அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கையில் இடம்பெற்றன. இவற்றில் உயிர்ச் சேதம் எதுவும் இல்லை. ஆயினும், சிறு புண்கள் ஆறாமல் விடப்பட்டால் என்னாகும் என்பதை 1950இன் நினைவு அரசுக்கு உணர்த்தியது. 1990இல் சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் நிறைவேறி 1992இல் நடைமுறைக்கு வந்தது. சமயங்களுக்கிடையே பகைமையைத் தூண்டுவோர்மீது தடையாணை பிறப்பிக்கும் அதிகாரம் அமைச்சருக்கு வழங்கப்பட்டது. 2019இல் இச்சட்டம் திருத்தப்பட்ட காலம்வரை அத்தகைய ஆணை ஒன்றுகூடப் பிறப்பிக்கப்படவில்லை. திருத்தச் சட்டம், குற்றமிழைத்தவர் பாதிக்கப்பட்ட சமூகத்தோடு உறவைச் சீர்செய்துகொள்ள வழிவகுக்கும் ஏற்பாட்டையும் சேர்த்துக்கொண்டது.

மதிப்பீடு

இக்கட்டமைப்பை இருவகையாக மதிப்பிடலாம். சட்டம் பயன்படுத்தப்படாமலே பயன் தந்தது என்பது ஒரு கருத்து. எச்சரிக்கைக்கு அஞ்சிய அமைதி உண்மையான புரிந்துணர்வு ஆகாது என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை உண்டு. சட்டம் பகைப் பேச்சைத் தடுக்க வல்லது. அயலார் வீட்டுச் சடங்கின் பொருளை நமக்குக் கற்பிக்க வல்லதன்று. 2020ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி சிங்கப்பூர்க் குடியிருப்பாளருள் பௌத்தர் 31.1 விழுக்காடு, கிறித்துவர் 18.9, முஸ்லிம்கள் 15.6, தாவோ சமயத்தவர் 8.8, இந்துக்கள் 5.0, சமயம் சாராதோர் 20.0 விழுக்காட்டினர். எந்தச் சமயமும் பாதியை எட்டாத இத்தகைய சமுதாயத்தில் ஒவ்வொருவரும் ஏதேனும் ஒரு வகையில் சிறுபான்மையினரே.

ஆசிரியர்களுக்கு இதில் தனிப் பொறுப்பு உள்ளது. இக்கலவரத்தைப் பாடநூல் வழியாகக் கற்பிக்கும்போது, சமயம் ஆபத்தானது. ஆகவே அதைப் பற்றிப் பேசாதிருப்பதே நன்று என்னும் முடிவுக்கு மாணவர்கள் வந்துவிடுவது எளிது. வரலாறு அம்முடிவைத் தரவில்லை. எவரும் பேசாதிருந்தமையால் 1950இல் கலவரம் தவிர்க்கப்படவில்லை. ஒவ்வொரு தரப்பும் தனக்குள் மட்டுமே பேசிக்கொண்டமையால் அது மூண்டது.

முடிவுரை

சமயப் பொறை இயல்பாகவே அமைந்த பண்பும் அன்று. சட்டத்தால் மட்டும் விளைவதும் அன்று. நம்பத்தக்க நீதிமன்றம், பொறுப்புள்ள இதழியல், இருதரப்பையும் அறிந்த காவல் துறை, பிறர் நம்பிக்கையை அறிய முற்படும் கல்வி ஆகிய நான்கும் சேர்ந்து நிற்கும்போதே அது நிலைபெறுகிறது. 1950இல் இந்நான்கும் ஒருசேரத் தவறின. மரியா 2009 சூலையில் நெதர்லாந்தில் காலமானார். இரு தாயரும் இரு சமயங்களும் இரு பேரரசுகளும் உரிமை கோரிய அச்சிறுமியின் விருப்பத்தை நீதிமன்றம் கேட்டது. அவர் அமினாவிடமே இருக்க விரும்பினார். அவரது சொல்லுக்கு எவ்வளவு மதிப்பளித்திருக்க வேண்டும் என்பது, நல்லிணக்கத்தைச் சமூகங்களுக்கு இடையிலான உடன்பாடாக மட்டுமே கருதும் நம் காலத்திலும் விடை வேண்டி நிற்கும் வினாவாகும்.