வட்டுக்கோட்டை தரும் பாடம்

அமெரிக்க மிஷனரிமார் 1816 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்திற் பணி தொடங்கினர். 1823 இல், டானியல் பூவர் பாதிரியாரைத் தலைவராகக் கொண்டு வட்டுக்கோட்டையில் ஓர் உயர்தரக் கல்விக்கூடம் எழுந்தது. அதுவே வட்டுக்கோட்டைச் செமினரி. தமிழும் ஆங்கிலமும், கணிதமும் வானசாத்திரமும் அங்கே ஒருங்கே கற்பிக்கப்பட்டன.

பிள்ளைகளின் செலவைக் கடல் கடந்த அமெரிக்க அன்பர்கள் தாங்கினர். அவ்வாறு தாங்கியவரின் பெயரைப் பிள்ளைக்கு இடுவதும் வழக்கமாயிருந்தது. கறோல் விசுவநாதபிள்ளை என்னும் பெயரை நோக்குக. பொருள் கொடுத்தவர் பெயரையும் கொடுத்தார். தம் சமயத்தையும் கொடுக்க விழைந்தார். நம் முன்னோர் அக்கல்வியை விரும்பியதோடு அஞ்சியதும் இதனாலன்றோ!

எனினும் கல்வி, கொடுத்தவர் வகுத்த எல்லைக்குள் அடங்கி நிற்பதில்லை. செமினரியிற் பயின்ற சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை, விசுவநாதபிள்ளையுடன் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரியானார். பின்னர்ச் சைவராய் நின்று, 1887 இற் கலித்தொகையைப் பதிப்பித்தார்.

அத்தகைய செமினரி 1855 இல் மூடப்பட்டது. ஆங்கிலக் கல்விக்காகும் செலவு சமயப் பணிக்கு ஏற்ற பயன் தரவில்லை என அமெரிக்க மிஷன் சங்கத்தார் கருதினர். பணப்பை எங்கேயோ, முடிவும் அங்கேயே. அதற்கு முன்னரே, 1848 இல், வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய நாவலர் பெருமான் ஊராரின் உதவியை நாடியதன் பொருத்தம் இங்கே விளங்கும்.

செமினரியின் பழைய மாணவர் வாளாவிருக்கவில்லை. அவர்களின் முயற்சியாலும் அமெரிக்கரின் துணையாலும் 1872 இல் யாழ்ப்பாணக் கல்லூரி அவ்வூரிலேயே தோன்றியது. 1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளுட் பெரும்பாலானவை அரசாங்கத்தின் கைக்குச் சென்றன. யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியும் அவற்றுள் ஒன்று. யாழ்ப்பாணக் கல்லூரியோ, கட்டணம் அறவிடாத தனியார் பாடசாலையாய் நிற்கத் துணிந்தது. அரசாங்க நன்கொடையின்றி, மாணவரிடம் பணமும் பெறாது ஒரு கல்லூரியை நடத்துதல் எளிதன்று. மூலதன நிதியும் பழைய மாணவரும் இல்லாதிருப்பின் அத்துணிவு ஓராண்டேனும் நிலைத்திராது.

மிஷன் பாடசாலையிற் கற்ற யான், அக்கல்விக்கு நன்றியுடையேன். அதனாலேயே இதனைச் சொல்லும் உரிமையும் எனக்குண்டு. நம் பிள்ளைகள் நம் நெறியிற் கற்கவேண்டும் என்று மேடையில் முழங்குதல் எளிது. அந்நெறிக்கு ஆண்டுதோறும் செலவு செய்வார் யார்? இளைஞர்களே, முதியோர்களே, இவ்வினாவிற்கு நாமே விடையாதல் வேண்டும்.