அளவுகோல் போனபின் வந்த வண்ணம்: கல்வராயன் அடிவாரத்திலிருந்து சோதனைப் படத்தின் வரலாறு

எண்பதுகளில் தொலைக்காட்சி பார்த்தவர்களுக்கு, நிகழ்ச்சி தொடங்குமுன் திரையில் அசையாமல் நின்ற வண்ணப் பட்டைகளும் உடன் ஒலித்த ‘பீ’ சத்தமும் நினைவிருக்கும். ஒளிபரப்பு நிலையம் ஒவ்வொரு வீட்டுக்கும் இலவசமாக அனுப்பிவைத்த அளவுகோலான சோதனைப் படம் அது. அதைப் பார்த்து வீட்டார் ஆன்டெனாவைத் திருப்பினார்கள். மெக்கானிக் குமிழ்களைச் சரிசெய்தார். இந்த அளவுகோல் நிலையத்தின் கையிலிருந்து நழுவிய கதையைக் கல்வராயன் மலையடிவாரத்துக் கள்ளக்குறிச்சியில் நின்று பார்த்தால் ஒரு முரண் புலப்படுகிறது.

தொடக்கம் அமெரிக்காவில். ஆர்.சி.ஏ. நிறுவனம் 1939இல் ஒரு செவ்விந்தியர் தலையைச் சுற்றி வட்டங்களும் கோடுகளும் வரைந்து வெளியிட்ட படமே முதல் புகழ்பெற்ற சோதனைப் படம். வண்ணம் வந்தபின், 1967இல் பிபிசி தன் பொறியாளர் ஜார்ஜ் ஹெர்சியின் மகள் கரோல் கரும்பலகையில் விளையாடும் படத்தை ஒளிபரப்பியது. தோல் நிறம் சரியாகத் தெரிகிறதா என்று பார்க்க ஒரு மனித முகம் தேவைப்பட்டது. ஏறத்தாழ அதே காலத்தில் டென்மார்க்கிலிருந்த பிலிப்ஸ் ஆய்வகத்தில் ஃபின் ஹென்டில் வடிவமைத்த பி.எம். 5544 என்ற சோதனைப் படம் பல நாடுகளுக்குப் பரவியது. அதன் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு வேலை உண்டு. நடு வட்டம் முட்டை வடிவமானால் படம் இழுபட்டிருக்கிறது. ஓரத்துக் கட்டங்கள் மறைந்தால் படத்தின் விளிம்பு வெட்டுப்படுகிறது. நெருக்கமான கோடுகள் குழம்பிச் சாம்பலானால் நுணுக்கம் போகிறது.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கியது. கள்ளக்குறிச்சியோ அங்கிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 200 கி.மீ. தொலைவில் இருக்கிறது. தொலைக்காட்சி அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை. பூமியின் வளைவும் குறுக்கே நிற்கும் மலைகளும் அவற்றைத் தடுக்கும்.

தடுப்பதோடு மலை நிற்பதில்லை, அலையைத் திருப்பியும் அனுப்பும். அதனால் ஒரே அலை நேராக ஒருமுறையும் மலைமுகட்டில் பட்டு இன்னொருமுறையும் ஆன்டெனாவை அடைய, திரையில் ஒவ்வொரு உருவத்துக்கும் பக்கத்தில் மங்கலான இரட்டை விழும். இதற்குக் கணக்கும் உண்டு. சுற்றி வரும் அலை 300 மீட்டர் கூடுதலாகப் பயணித்தால் ஒரு மைக்ரோ வினாடி தாமதமாகும். நம் ஒளிபரப்பு முறையில் ஒரு கோட்டின் காணக்கூடிய பகுதி வரைய 52 மைக்ரோ வினாடி ஆகும் என்பதால், 14 அங்குலத் திரையில் அந்த இரட்டை ஏறத்தாழ அரை சென்டிமீட்டர் தள்ளித் தெரியும். வெள்ளைப் பின்னணியில் ஒரு கருங்கோடு நிற்கும் சோதனைப் படம் இதை உடனே காட்டிக்கொடுக்கும்; ஓடுகிற சினிமாவில் கண்டுபிடிப்பது கடினம்.

இந்தியாவில் வண்ண ஒளிபரப்பு 1982இல் வந்தது. தேர்ந்தெடுக்கப்பட்டது ஜெர்மானியர் வால்டர் புரூக் உருவாக்கிய ‘பால்’ முறை. வழியில் நிறம் திரிந்தாலும், அடுத்தடுத்த கோடுகளை ஒப்பிட்டு அதுவே திருத்திக்கொள்ளும். அதனால் அமெரிக்கப் பெட்டிகளில் அவசியமாக இருந்த சாயல் குமிழ் நம்மூரில் தேவைப்படவில்லை. பிரைட்னஸ், கான்ட்ராஸ்ட், கலர் என்ற மூன்றே போதும். சென்னையின் டயனோரா, சாலிடேர் பெட்டிகள் பரவிய காலத்தில் மெக்கானிக்குகள் பேட்டர்ன் ஜெனரேட்டர் வைத்திருந்தார்கள். குறுக்கும் நெடுக்குமான வெள்ளைக் கட்டங்களைத் திரையில் வரவழைத்து, கோட்டோரம் சிவப்போ நீலமோ கசிந்தால் பிக்சர் ட்யூபின் கழுத்திலுள்ள காந்த வளையங்களைத் திருகிச் சரிசெய்வார்கள்.

தமிழகத்தின் ஏழை வீடுகளுக்கு வண்ணப் பெட்டி பெருமளவில் போய்ச்சேர்ந்தது 2006 செப்டம்பர் 15இல் தொடங்கிய இலவசத் தொலைக்காட்சித் திட்டத்தால்தான். மாநிலம் முழுவதும் ஒரு கோடிக்கும் மேற்பட்ட 14 அங்குலப் பெட்டிகள் வழங்கப்பட்டன. அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த கள்ளக்குறிச்சியும் அதில் அடக்கம். ஆனால் அதற்குள் கேபிளிலும் செயற்கைக்கோளிலும் 24 மணி நேர அலைவரிசைகள் நிரம்பிவிட்டன. நிகழ்ச்சி ஓயாத திரையில் சோதனைப் படத்துக்கு இடமில்லை. 1993இல் தொடங்கிய சன் டிவியின் தலைமுறைக்குப் பட்டைகளைப் பார்த்துப் பெட்டியைத் திருத்தும் பழக்கமே ஏற்படவில்லை. வண்ணம் எல்லாருக்கும் கிடைத்தபோது, எது சரியான வண்ணம் என்று காட்டும் ஏற்பாடு காற்றிலிருந்து விலகியிருந்தது. தூர்தர்ஷனின் தரைவழி அனலாக் ஒளிபரப்பிகளும் பெரும்பாலும் 2022க்குள் மூடப்பட்டன.

தட்டைத் திரை வந்தபின் காந்த வளையமும் இல்லை, உருளும் படமும் இல்லை. ஆனால் வண்ணத்தைத் தீர்மானிப்பது தொழிற்சாலை. கடை வெளிச்சத்தில் கண்ணைப் பறிக்க ‘விவிட்’ முறையில் வெள்ளை நீலமாகவும் முகங்கள் சிவந்தும் தெரியும். தரம் கேட்பதோ 6500 கெல்வினுக்கு நெருக்கமான வெள்ளை. ‘சினிமா’ முறை அதற்கு அருகில் இருக்கும்.

மற்றதற்குப் பழைய பட்டைகளே இன்றும் உதவுகின்றன. கறுப்பை ஒட்டிய இரண்டு பட்டைகளில், கறுப்பைவிடச் சற்று வெளிறியது மட்டும் மங்கலாகத் தெரியும்வரை பிரைட்னஸைக் குறைக்க வேண்டும். அமெரிக்க வண்ணப் பட்டைகளை நீலக் கண்ணாடித்தாள் வழியாகப் பார்த்து, நீலம் கலந்த நான்கும் ஒரே வெளிச்சத்தில் தெரியுமாறு கலரை நிறுத்த வேண்டும். செட்-டாப் பாக்ஸ் நுழையும் அதே இணைப்புக்கு இதைச் செய்தால்தான் பயன். பல பெட்டிகள் ஒவ்வொரு இணைப்புக்கும் தனி அமைப்பை வைத்துக்கொள்கின்றன. நிலையம் ஊருக்கெல்லாம் பொதுவாகச் செய்த வேலையை, கல்வராயன் மலைமேலுள்ள வெள்ளிமலையிலோ அடிவாரக் கள்ளக்குறிச்சியிலோ இருக்கும் பார்வையாளர் இப்போது பென் டிரைவில் பட்டைகளை ஏற்றித் தானே செய்துகொள்கிறார். செய்யாத வீட்டில் தொழிற்சாலை வைத்த வண்ணமே நிலைக்கிறது.