மோடமுக்குக் கிடைத்த முகவரி: டயல்-அப் காலத்து நிலையான ஐபியும் மாறும் ஐபியும்

டயல்-அப் வாடிக்கையாளருக்கு நிலையான ஐபி முகவரி ஏன் கிடைக்கவில்லை என்று கேட்டால், முகவரிப் பற்றாக்குறை என்ற பதில்தான் வழக்கமாக வருகிறது. அது பாதி உண்மை. தொலைபேசி அழைப்பின் அமைப்பும் அதன் கட்டண மீட்டரும் சேர்ந்தே மாறும் முகவரியை வேரூன்றச் செய்தன. பற்றாக்குறை பின்னால் வந்து சேர்ந்த நியாயம். ஆண்டுகளை வரிசைப்படுத்தினாலே இது புலப்படும். தொலைபேசிக் கம்பி வழியே ஐபி தரவை அனுப்ப 1988இல் வரையறுக்கப்பட்ட ஸ்லிப் நெறிமுறையில் முகவரியைப் பேசி முடிவு செய்ய வழியே இல்லை. இரு முனைகளும் அதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். 1992இல் அதே வேலைக்கான மற்றொரு நெறிமுறையான பிபிபிக்கான ஐபி விதிகள் வெளிவந்தபோது நிலைமை மாறியது. வாடிக்கையாளரின் கணினி 0.0.0.0 என்று அனுப்பும். மறுமுனை அதை மறுத்து, 'இதை வைத்துக்கொள்' என்று ஒரு முகவரியைத் தரும். டயல்-அப்பில் ஆளுக்கொரு நிலையான முகவரி வேண்டாம் என்று ஐபி முகவரிகளைப் பங்கிடும் பதிவகங்களின் வழிகாட்டுதல் அழுத்திச் சொன்னதோ 1996 நவம்பரில்தான். இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் இரண்டு பாதைகளும் திறந்தே இருந்தன. பிரிட்டனில் 1992இல் தொடங்கிய டீமன் இன்டர்நெட், மாதம் 10 பவுண்டுக்கு ஒவ்வொரு டயல்-அப் வாடிக்கையாளருக்கும் நிலையான முகவரியே கொடுத்தது.

இந்தியாவின் கதை வேறு. 1995 ஆகஸ்ட் 15 அன்று அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்தபோது, மாணவர்கள் வாங்கிய மலிவான ஷெல் கணக்கில் முகவரி வி.எஸ்.என்.எல். கணினிக்கு மட்டுமே, வீட்டுக் கணினி அதன் எழுத்துத்திரை, அவ்வளவுதான். படங்களோடு இணையம் பார்க்க விரும்பியவர்கள் ஸ்லிர்ப் போன்ற மென்பொருளை அந்தக் கணினியில் ஓட்டி, இல்லாத முகவரி இருப்பதுபோல் தம் கணினியை நம்பவைத்தார்கள் (கெட்டிக்காரத்தனம்தான்!). ஆகவே நிலையான முகவரியை நாம் பறிகொடுத்தோம் என்று இங்கே புலம்ப இடமில்லை. ஷெல் கணக்குக்காரருக்கு மாறும் முகவரியே முதல் முகவரி.

1998 நவம்பரில் தனியார் நிறுவனங்களுக்கு அனுமதி கிடைத்து, டயல்-அப் சிற்றூர்களை நோக்கிப் பரவியபோது உண்மைக் காரணம் வெளிப்பட்டது. சேத்துப்பட்டு என்ற சிற்றூரின் பட்டுச்சேலை வியாபாரி ஒருவர் டயல் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் அழைப்பு நிறுவனத்தின் எந்த மோடமில் விழும் என்பது அந்த நொடியில் எது காலியாக இருக்கிறதோ அதைப் பொறுத்தது. ஏறத்தாழ பத்து வாடிக்கையாளருக்கு ஒரு மோடம் என்பது அக்காலத்துப் பொதுக் கணக்கு. முகவரியை மோடமோடு கட்டினால் பத்துப் பேருக்கு ஒன்று போதும். ஆளோடு கட்டினால் பத்து வேண்டும். அது மட்டுமல்ல, அதே வியாபாரி மறுநாள் சென்னையிலிருந்து டயல் செய்தால், அவருடைய ஒற்றை முகவரிக்காகவே நிறுவனத்தின் ரவுட்டர்களில் தனிப் பாதை எழுதியாக வேண்டும். முகவரிகள் கொட்டிக் கிடந்தாலும் இந்தச் சுமை குறையாது. ஒருவருக்கு எப்போதும் ஒரே முகவரியைத் தரும் வசதி, வாடிக்கையாளரைச் சரிபார்க்கும் ரேடியஸ் நெறிமுறையில் இருந்தது. எல்லாருக்கும் அதைச் செய்வதுதான் கட்டுப்படியாகாத காரியம்.

நிலையான முகவரி இருந்திருந்தால் அந்த வியாபாரி தம் கணினியையே சர்வராக்கிச் சேலைப் படங்களைக் காட்டியிருக்கலாமே என்ற மறுப்பு எழலாம். முகவரி கிடைத்திருக்கும், இணைப்பு நிலைத்திருக்காது. 3 நிமிடத்துக்கு ஒரு கட்டண அழைப்பு என்று மீட்டர் ஓடினால் ஒரு நாளுக்கு 480 அழைப்புகள். அந்த நேரம் முழுவதும் வீட்டுக்கு வேறு எந்த அழைப்பும் நுழையாது. டீமன் வாடிக்கையாளர்களுக்கும் நிலையான முகவரியால் கிடைத்த பெரும் பயன், டயல் செய்தவுடன் காத்திருந்த மின்னஞ்சல் நேரே அவர்கள் கணினிக்கு வந்து இறங்கியதுதான். அந்த வேலையைப் பாப்3 அஞ்சல்பெட்டி மாறும் முகவரியிலேயே செய்துவிட்டது.

பற்றாக்குறை பொய்யன்று, 2011 பிப்ரவரியில் ஐபிவி4 முகவரிகளின் உலகக் கையிருப்பு தீர்ந்தே போயிற்று. ஆனால் அதுவே மூலகாரணமாக இருந்திருந்தால், முகவரிக்குப் பஞ்சமே இல்லாத ஐபிவி6 வந்தபின் மாறும் முகவரி மறைந்திருக்க வேண்டும். மறையவில்லை. வீட்டு இணைப்புகளுக்கு ஐபிவி6 முன்னொட்டையும் (முகவரியின் முற்பகுதியையும்) மாற்றி மாற்றித் தரும் நிறுவனங்கள் இன்றும் உலகெங்கும் உள்ளன. டயல்-அப்பும் மீட்டரும் போய்விட்ட பிறகும், நிலையான முகவரி தனிக் கட்டணத்துக்கு விற்கும் சரக்காகவே தொடர்கிறது.