இரைப்பைப் புற்றுநோய்ச் சிகிச்சையில் ஊட்டத்தின் இடம்

இரைப்பைப் புற்றுநோய்ச் சிகிச்சை பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் எந்த மருந்து, எவ்வளவு விரிவான அறுவை என்னும் இரு கேள்விகளைச் சுற்றியே நிகழ்கின்றன. நோயாளியின் உடல் அச்சிகிச்சையை இறுதிவரை தாங்குமா என்னும் மூன்றாம் கேள்வி உணவியலாளருக்கும் செவிலியருக்கும் உரியதென ஒதுக்கப்படுகிறது. பெரிய மருத்துவ ஆய்வுகளின் முடிவுகளை ஊன்றிப் படித்தால் இவ்வொதுக்கல் பொருந்தாது என்பது விளங்கும்.

புற்று இரைப்பையின் உட்சவ்வளவில் நிற்கும்போது, வயிற்றைத் திறக்காமல் எண்டோஸ்கோப் வழியாகவே அதனை உரித்தெடுக்கலாம். சப்பானில் வளர்ந்த இம்முறைக்கு, நோயைத் தொடக்கத்திலேயே கண்டறியும் பரிசோதனைத் திட்டங்கள் அங்கும் தென்கொரியாவிலும் இருப்பது துணைநிற்கிறது. அத்தகைய திட்டம் இல்லாத இந்தியாவில் பலரும் பசி குன்றி, எடை குறைந்த பின்னரே மருத்துவமனைக்கு வருகின்றனர். அவர்களுக்கு இரைப்பையின் ஒரு பகுதியையோ முழுவதையோ, நோய் பரவும் வழியான நிணநீர் முடிச்சுகளோடு சேர்த்து அகற்ற வேண்டியுள்ளது. முடிச்சுகளை எவ்வளவு விரிவாக அகற்றுவது என்பதை ஆராய்ந்த நெதர்லாந்து ஆய்வு, 1999இல் விரிந்த அறுவைக்கு எதிராகவே பேசிற்று: அறுவையை ஒட்டிய இறப்பு அதில் 10 விழுக்காடு, குறுகிய அறுவையில் 4 விழுக்காடு. ஆயினும் 15 ஆண்டுகள் கழித்து நோக்கியபோது, புற்றுநோயால் இறந்தோர் விரிந்த அறுவையில் 37 விழுக்காடாகவும் குறுகியதில் 48 விழுக்காடாகவும் இருந்தனர். அறுவையின் பயன் மெய்யானது. அதனை அடைய, முதல் சில வாரங்களைக் கடக்கும் வலிமை உடலுக்கு வேண்டும்.

கீமோதெரபியிலும் இதுவே தெரிகிறது. அறுவைக்கு முன்னும் பின்னும் மருந்து தருவது ஐந்தாண்டு உயிர்வாழ்வை 23இலிருந்து 36 விழுக்காடாக உயர்த்துகிறது என 2006இல் வெளியான பிரித்தானிய ஆய்வு காட்டிற்று; 2019இல் வெளியான ஜெர்மானிய ஆய்வில், ஃபிளாட் எனப்படும் நான்கு மருந்துக் கூட்டு, இடைநிலை வாழ்வை 35 மாதங்களிலிருந்து 50 மாதங்களாக நீட்டித்தது. இரண்டிலும் அறுவைக்கு முந்தைய சுற்றுகளைப் பெரும்பாலோர் முடித்தனர். எல்லாச் சுற்றுகளையும் முடித்தோரோ பாதிக்கும் குறைவே. நோய் முற்றியதும் அறுவைச் சிக்கல்களும் இதற்குக் காரணங்கள்தாம் எனினும், உண்ண இயலாமல் மெலிந்துபோன உடலும் அவற்றுள் ஒன்றெனக் கொள்வதே தகும். எனவே மருந்துச் சீட்டு எழுதப்படும் நாளிலேயே எடையும் உணவளவும் கணக்கிடப்பட்டு, வாய்வழி உணவு போதாதவருக்குச் சிறுகுடலில் ஊட்டக்குழாய் வைப்பதுபற்றி முடிவெடுப்பது சிகிச்சையின் உறுப்பே ஆகும்.

நோய் பிற உறுப்புகளுக்குப் பரவியபின் குணப்படுத்தல் அரிது. புற்றணுக்களில் ஹெர்2 புரதம் மிகுந்தவர்களுக்கு டிராஸ்டுசுமாப் என்னும் மருந்தைக் கீமோதெரபியுடன் சேர்ப்பது இடைநிலை வாழ்வை 11.1 மாதங்களிலிருந்து 13.8 ஆக உயர்த்தியது என்பதை 2010 ஆய்வு நிறுவிற்று. அம்மாதங்களில் வலி, வாந்தி, அடைப்பு ஆகியவற்றைத் தணிக்கும் பராமரிப்பு மருந்துக்கு இணையான மதிப்புடையது.

இரைப்பை முழுதும் நீக்கப்பட்டவர் சிறிது சிறிதாகப் பலமுறை உண்ணப் பழக வேண்டும். இனிப்பு மிகுந்த உணவு சிறுகுடலுக்குள் விரைந்து இறங்கினால் படபடப்பும் வியர்வையும் மயக்கமும் தோன்றும். இதனை நோயாளி உடனே உணர்வதால் வீட்டாரும் கற்றுக்கொள்கின்றனர். பி12 குறைபாடு அத்தகையதன்று. அவ்வைட்டமினை உறிஞ்சத் துணைபுரியும் புரதம் இரைப்பையிலேயே சுரப்பது. அது நின்றபின்னும் கல்லீரலின் சேமிப்பு சில ஆண்டுகள் ஈடுகொடுப்பதால், கால் மரத்தலும் நடைத் தள்ளாட்டமும் மறதியும், மருத்துவமனை வருகைகள் அருகிவிட்ட காலத்தில்தான் தலைகாட்டி, முதுமையின் விளைவாகக் கருதப்பட்டுவிடுகின்றன. ஆதலின் வீடு திரும்பும் நாளில் தரப்படும் குறிப்பேட்டில், அடுத்த ஸ்கேன் நாளோடு பி12 ஊசிக்குரிய நாள்களும், அவ்வூசி வாழ்நாள் முழுமைக்கும் உரியது என்னும் குறிப்பும் எழுதப்பட வேண்டும்.