உரை-ஒலி மாற்றம்

எழுத்தில் உள்ள உரையைக் கணினி மனிதக் குரல்போல வாசிக்கும் நுட்பம். ஒலிநூல்கள், பார்வையற்றோருக்கான திரைபடிப்பான்கள், பொது அறிவிப்புகள் ஆகியவற்றில் பயன்படுகிறது.

வரலாறு: பெல் ஆய்வகத்தின் ஹோமர் டட்லி உருவாக்கிய ‘வோடர்’ என்னும் பேசும் கருவி 1939இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் காட்டப்பட்டது, பயிற்சி பெற்றவர்கள் விசைகளை அழுத்தி அதைப் பேசவைத்தனர். பின்னாளில், பதிவுசெய்த குரல் துணுக்குகளை இணைக்கும் முறை பரவியது. இணைப்பிடங்களில் குரல் பிசிறடித்தது. 2016இல் டீப்மைண்ட் நிறுவனம் வெளியிட்ட ‘வேவ்நெட்’, நரம்பியல் வலையமைப்பைக் கொண்டு ஒலியலையையே உருவாக்கியது. 2017இல் கூகுளின் ‘டாக்கோட்ரான் 2’ என்னும் உரை-ஒலி அமைப்பு, கேட்போர் 5க்கு வழங்கிய மதிப்பீட்டில் 4.53 பெற்றது, தொழில்முறைப் பதிவுக் குரல் பெற்றது 4.58.

இயல்புத்தன்மை: ஏற்ற இறக்கம், அழுத்தம், நிறுத்தம், வேகம் ஆகியவை சேர்ந்தே பேச்சுக்கு உயிர் தருகின்றன. ‘நீ போ’ என்பது கட்டளையாகவும் இருக்கலாம், கெஞ்சலாகவும் இருக்கலாம். எழுத்தில் இரண்டும் ஒன்றே. எது பொருந்தும் என்பதைக் கதைச்சூழலே தீர்மானிக்கும்.

தமிழில்: ‘கடல்’, ‘தங்கம்’, ‘பகல்’ ஆகியவற்றில் ககரம் மூன்று விதமாக ஒலிக்கும், இதற்கு இடம் சார்ந்த விதி உண்டு. ‘பல்’, ‘பஸ்’ இரண்டின் முதலெழுத்தும் ஒன்றாயினும் ஒலி வேறு. இதை அகராதி கொண்டே அறிய முடியும். ‘2016இல்’ என்பதை ‘இரண்டாயிரத்துப் பதினாறில்’ என்று சேர்த்து வாசிக்க வேண்டும்.

ஒலிநூலுக்குப் பொருளுணர்ந்து வாசிக்கும் மனிதக் குரலே இன்றும் அளவுகோல்.